கடலடி எரிவாயுவும் கண்ணுக்குத் தெரியாத சுவர்களும்

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைப் பகுதிகளின் மணற்பாங்கான வளவுகளில் கிணறு தோண்டியவர்களுக்கு நிலத்தடி நீரின் இயல்பை நாம் விளக்க வேண்டியதில்லை. ஒரு வளவில் இயந்திரம் வைத்து அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அயல் வளவுக் கிணற்றின் நீர்மட்டமும் இறங்கிவிடுகிறது. 2004 டிசம்பர் 26 ஆம் திகதிய ஆழிப்பேரலையின் பின்னர் கரையோரக் கிணறுகள் உவர்த்துப் போனதையும் நாம் மறந்துவிடவில்லை. மணலின் அடியில் நீர் ஒன்று, கிணறுகள்தாம் பல.

கடலடியில் ஆயிரக்கணக்கான மீற்றர் ஆழத்திலுள்ள எண்ணெய், எரிவாயுத் தேக்கங்கள் எப்போதும் இவ்வாறு அமைவதில்லை. அவை பாதாளக் குளங்களல்ல. மணற்கல்லின் நுண்துளைகளுக்குள்ளேயே வாயு அடைபட்டிருக்கின்றது. அப்பாறை நிலப் பிளவுகளாலும் இடைப்பட்ட களிப் படைகளாலும் தனித்தனி அறைகளாகப் பிரிபட்டிருக்கக்கூடும். அப்படியாயின் ஓர் அறையில் இறக்கிய கிணறு அடுத்த அறையின் வாயுவைத் தராது. எத்தனை கிணறுகள் தேவை, இட்ட முதல் மீளுமா என்ற கேள்விகளுக்கான விடை இவ்வறைகளிலேயே தங்கியிருக்கின்றது.

இது நமக்குத் தொலைதூர விடயமன்று. மன்னார்ப் படுகையில் கெய்ர்ன் லங்கா நிறுவனம் சுமார் 1,750 சதுர கிலோமீற்றர் பரப்பில் முப்பரிமாண நில அதிர்வு ஆய்வை நடத்தி, 2011 இல் துளையிடத் தொடங்கியது. டொராடோ கிணற்றில் சுமார் 25 மீற்றர் தடிப்பிலும், பரகூடா கிணற்றில் 4,000 மீற்றருக்கும் கீழே மூன்று படைகளில் மொத்தம் 24 மீற்றர் தடிப்பிலும் எரிபொருட் படிவுகள் காணப்பட்டன. அவ்வாண்டின் மூன்றாவது கிணறும், 2013 இல் தோண்டிய நான்காவது கிணறும் வெறுமையாயின. 2015 இல் நிறுவனம் வெளியேறியது.

அறைகளை எவ்வாறு கண்டறிகின்றனர்? கப்பலிலிருந்து செலுத்தப்படும் ஒலியலைகள் பாறைப் படைகளில் பட்டுத் திரும்புகின்றன. அந்த எதிரொலிகளைப் பதிந்து வரையும் படத்தில் ஒரு படை திடீரென முறிந்து மேலோ கீழோ விலகியிருந்தால், அங்கு நிலப் பிளவு உண்டெனக் கொள்ளலாம். ஆயினும் அத்துணை ஆழத்தில் சில மீற்றர் மட்டுமே விலகிய பிளவுகள் படத்தில் தெரிவதில்லை. சிறிய பிளவும் வாயுவைத் தடுக்க வல்லது.

இவ்விடத்தில்தான் கிணறுகளின் சாட்சியம் தேவைப்படுகின்றது. வெவ்வேறு ஆழங்களில் அளந்த அமுக்கங்கள் இரு கிணறுகளிலும் ஒரே கோட்டில் அமையாவிடின், இடையே சுவர் உண்டென ஐயுறலாம். வாயுவும் நீரும் சந்திக்கும் மட்டங்கள் வேறுபடுதலும், வாயுவின் சேர்க்கை வேறுபடுதலும் அவ்வாறே. ஆனால் அமுக்கம் ஒத்திருப்பதனால் மட்டும் சுவர் இல்லையென்று சொல்லிவிட முடியாது. இலட்சக்கணக்கான ஆண்டுகளில் மெல்லக் கசிந்து அமுக்கம் சமப்பட்டிருக்கலாம். ஒரு கிணற்றில் வாயுவை எடுக்கும்போது மற்றையதில் அமுக்கம் குறைகின்றதா என்பதே உறுதியான சோதனை. நமது வளவுக் கிணறுகள் சொல்லும் பாடமும் இதுவே.

சுவர் இல்லாதவிடத்தும் வழக்கு எழும். இந்தியாவின் கிருஷ்ணா-கோதாவரிப் படுகையில், தனது பகுதியின் வாயு அயலிலுள்ள ரிலையன்ஸ் கிணறுகளுக்குச் செல்வதாக அரச நிறுவனமான ஓ.என்.ஜி.சி. 2013 இல் முறையிட்டது. தேக்கங்கள் தொடர்புடையவை என்றும், 1,100 கோடி கனமீற்றருக்கும் அதிகமான வாயு இடம்பெயர்ந்துள்ளது என்றும் 2015 இல் சுயாதீன நிபுணர் அறிக்கை கூறியது. 2018 இல் நடுவர் மன்றம் ரிலையன்ஸுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 2025 பெப்ரவரியில் டில்லி உயர் நீதிமன்ற அமர்வு அதனை இரத்துச் செய்தது.

ஒரு நாட்டுக்குள்ளேயே நிலைமை இதுவாயின், இரு நாடுகளுக்கிடையே என்னவாகும்? எல்லைக் கோட்டை ஊடறுக்கும் தேக்கம் காணப்படின், பயன்பாட்டையும் வருவாய்ப் பங்கீட்டையும் பேசித் தீர்க்க முயலவேண்டுமென 1974 ஆம் ஆண்டின் இலங்கை-இந்திய கடலெல்லை உடன்படிக்கையே கூறுகின்றது. பேச்சு மேசையில் தரவு உள்ளவனின் சொல்லே எடுபடும்.

கிழக்குக் கடலும் இவ்வட்டத்துக்கு வெளியே இல்லை. நமது கரைக்கு அப்பாலுள்ள கடற்பரப்பை ஆராய 2016 இல் பிரான்சின் டோட்டல் நிறுவனத்துடன் அரசு உடன்பாடு செய்தது. நிறுவனங்கள் வரும், போகும். திரட்டப்பட்ட தரவுகள் மக்களின் அமானிதம். அவற்றை வாசித்தறியும் ஆற்றலை ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் உட்பட நமது கல்விக்கூடங்களில் வளர்ப்பது அவசியம். கடலடியில் இருப்பதை அந்நியர் சொல்லித்தான் அறிவோம் என்ற நிலை நீடிக்குமாயின், அதன் விலையையும் அவர்களே சொல்வார்கள்.