உஷார்! இடித்த வீட்டுச் சாமான் புது வீட்டுக்குள் வருகிறது

தருமபுரி, அரூர், பாலக்கோடு, பென்னாகரம் என்று எந்தப் பக்கம் போனாலும் ஏதாவதொரு பழைய வீடு இடிபட்டுக்கொண்டிருக்கிறது. 2024-இல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு அரசு தந்தது 3.5 லட்சம் ரூபாய். எம்-சாண்டும் ஜல்லியும் விற்கிற விலைக்கு அது எந்த மூலைக்கு? அதனால் பழைய வீட்டில் கழற்றியதையே புது வீட்டில் போடுகிறார்கள். போடட்டும், நல்ல காரியம்தான். ஆனால் காரியம் தலைகீழாக நடக்கிறது. நூறு வருஷம் தாங்கும் கல்லும் செங்கல்லும் டிப்பரில் ஏறி ஏரிக்கரைக்குப் போகின்றன. குப்பைக்குப் போக வேண்டிய மூன்று சாமான்கள் பத்திரமாகப் புது வீட்டுக்குள் வருகின்றன.

முதல் சாமான் கூரையிலிருந்து இறங்குகிற சிமெண்ட் சீட், அதாவது ஆஸ்பெஸ்டாஸ். வழக்கமாக நடப்பது இதுதான். துருப்பிடித்த போல்ட் கழலவில்லை என்று சீட்டைச் சுத்தியால் தட்டி உடைத்து இறக்குவார்கள். முனை நொறுங்கியதை மாட்டுக் கொட்டகைக்கும் குளியலறைக்கும் அளவாக்க, கட்டிங் மெஷினை வைத்து அறுப்பார்கள். வெள்ளைப் புகை மாதிரி தூசி எழும். அறுப்பவர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொள்வார். பக்கத்தில் பிள்ளைகள் நின்று வேடிக்கை பார்க்கும். சாயங்காலம் வீட்டம்மா துடைப்பத்தால் அந்தத் தூசியைப் பெருக்கித் தள்ளுவார்.

அந்தத் தூசியில் இருப்பது கண்ணுக்குத் தெரியாத கல்நார் இழை. துண்டால் அதைத் தடுக்க முடியாது. நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. ஆஸ்பெஸ்டாஸில் எந்த வகையானாலும் புற்றுநோய் வரும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. பல நாடுகள் தடை செய்துவிட்டன; நம் ஊர்க் கடையில் இன்றைக்கும் தாராளமாகக் கிடைக்கிறது. நோய் தலைகாட்ட 20, 30, 40 வருஷம்கூட ஆகும் என்பதால், அன்றைக்கு அறுத்ததையும் இன்றைக்கு வரும் மூச்சிரைப்பையும் யாரும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை.

உடையாமல் கூரையில் கிடக்கும் சீட்டால் பெரிய ஆபத்தில்லை. இறக்கித்தான் ஆக வேண்டுமென்றால் முதலில் தண்ணீர் அடித்து நன்றாக நனையுங்கள். போல்ட்டை மட்டும் அறுத்து, சீட்டை முழுசாக இறக்குங்கள். அறுக்காதீர்கள், துளை போடாதீர்கள், பொடித்துப் பள்ளத்தில் நிரப்பாதீர்கள். சிந்திய தூளைக் காய்ந்த துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்து, துணியோடு பிளாஸ்டிக் பையில் கட்டுங்கள். சீட்டுகளைக் கெட்டியான தார்ப்பாயில் சுற்றி வைத்துவிட்டு, எங்கே ஒப்படைப்பது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் கேளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஓசியில் கேட்டாலும் தராதீர்கள்.

இரண்டாவது, கம்பி. பழைய தளத்தை உடைத்தால் முறுக்குக் கம்பி வளைந்து நெளிந்து வெளியே வரும். அதை நிமிர்த்தி லிண்டலுக்குப் போட்டுவிடலாம் என்று தோன்றும். நெருப்பில் காய்ச்சி நிமிர்த்துகிறவர்களும் உண்டு. இப்போதைய டிஎம்டி கம்பிக்கு வலுவே அதன் வெளித்தோலில்தான் இருக்கிறது. காய்ச்சினால் அந்தத் தோல் இளகிவிடும், பார்வைக்கு ஒன்றும் தெரியாது. துரு தின்ற கம்பியா என்று பார்க்க ஒரு வழி உண்டு: துருவைச் சுரண்டிவிட்டு ஒரு மீட்டர் வெட்டி எடை போடுங்கள். 8 எம்எம் என்றால் 395 கிராம், 10 எம்எம் 617 கிராம், 12 எம்எம் 888 கிராம் இருக்க வேண்டும். பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே பழைய இரும்புக் கடைக்கு அனுப்பிவிடுங்கள். எடை சரியாக இருந்தாலும் பில்லர், பீம், தளம் மூன்றுக்கும் புதுக் கம்பிதான். பழைய கம்பி உலைக்குப் போய் உருகி வரட்டும். அதற்கான மறுசுழற்சி அதுதான்.

மூன்றாவது, போன வேலையில் மிஞ்சிய சிமெண்ட். “சலிச்சுப் போட்டா ஒண்ணும் ஆகாதுங்கண்ணே” என்பார் மேஸ்திரி. விரலால் நசுக்கி மாவாகாத கட்டி இருந்தால் அந்தப் பை செத்த பை. கட்டியே இல்லாவிட்டாலும், மூன்று மாதத்தில் ஐந்தில் ஒரு பங்கு, ஆறு மாதத்தில் 30 சதவீதம் வலு போய்விடும் என்பது கட்டுமானப் பாடநூல்கள் சொல்லும் கணக்கு. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை அரூரில் ஒரே நாளில் 30 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அப்படியொரு மழையில் தரையோடு அடுக்கிய சிமெண்ட் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பலகை போட்டு அரை அடி உயர்த்தி, சுவரிலிருந்து இரண்டடி தள்ளி, பத்துப் பைக்கு மேல் ஏற்றாமல் அடுக்குங்கள். பையில் அச்சடித்த வாரத்தையும் மாதத்தையும் பார்த்து, பழையதை முதலில் எடுங்கள். எல்லாவற்றையும்விட நல்லது, அந்தந்த வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குவது. மொத்தமாக இறக்கினால் பைக்குப் பத்து ரூபாய் குறையும் என்ற கணக்கில் வீணான சிமெண்ட் கொஞ்சமா?

பழைய கதவு ஜன்னலைப் பற்றி ஒரு வார்த்தை. மரம் நன்றாக இருந்தால் விடாதீர்கள். ஆனால் அந்தப் பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். 90 பிபிஎம் என்ற கட்டுப்பாடு 2017 நவம்பரில்தான் நடப்புக்கு வந்தது. காய்ந்த உப்புத்தாள் போட்டு வீட்டுக்குள் தேய்க்க வேண்டாம். நனைத்து, வெளியில் வைத்து, பிள்ளைகள் இல்லாத நேரத்தில் தேய்க்கச் சொல்லுங்கள்.

இனி, தூக்கி எறிவதைப் பார்ப்போம். மண்சாந்திலோ சுண்ணாம்புக் காரையிலோ கட்டிய சுவரின் செங்கல் கரணையால் தட்டினாலே சுத்தமாகக் கழன்று வரும். இரண்டை மோதினால் கணீரென்று கேட்க வேண்டும். ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து எடை போட்டால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏறக் கூடாது. தரையை ஒட்டி உப்புப் பூத்த வரிசைகளை மட்டும் ஒதுக்குங்கள். உடைந்த செங்கல் மாடித் தளத்துக்குச் சுண்ணாம்பு ஜல்லியாகும். கல்லுக்கால், படிக்கல், கருங்கல் பலகைக்கு நம் பக்கத்தில் எப்போதும் கிராக்கி உண்டு. கான்கிரீட் கட்டிகளை உடைத்து பேஸ்மெண்ட்டை நிரப்பினால் அத்தனை லோடு கிராவல் மிச்சம். மரத்துண்டு கலந்தால் மட்டும் கரையானுக்கு விருந்து. நன்றாக உடைத்துச் சலித்த பழைய கான்கிரீட் ஜல்லியை, எம் 25 வரையிலான கம்பிக் கான்கிரீட்டில் 20 சதவீதம் வரை சேர்க்க ஐஎஸ் 383 தரநிலையே 2016-இலிருந்து அனுமதிக்கிறது. ஆனால் அது ஆலையில் தரம் பார்த்த ஜல்லிக்குச் சொன்னது, முற்றத்தில் சம்மட்டியால் உடைத்ததற்கு அல்ல.

இதையெல்லாம் விட்டுவிட்டு இரவோடு இரவாக ஏரியில் கொட்டினால் நட்டம் நமக்குத்தான். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த மாவட்டம் இது. அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. ராமாக்காள் ஏரியும் இலக்கியம்பட்டி ஏரியும் ஊரைச் சுற்றியுள்ள சின்னக் குட்டைகளும் மழைநீரை மண்ணுக்குள் இறக்கினால்தான் கிணற்று நீரில் ஃபுளோரைடு கொஞ்சமாவது குறையும். கட்டட இடிபாட்டைக் கண்ட இடத்தில் கொட்டக் கூடாதென்று 2016-லேயே மத்திய அரசு விதி போட்டது. மாட்டினால் லோடு யாருடையது என்று கேட்பார்கள்; டிரைவர் உங்கள் பெயரைத்தான் சொல்வார்.

“வீடு இடித்துத் தரப்படும், கூலி வேண்டாம்” என்று வருகிறவரிடம் இன்னும் உஷார். கூலிக்குப் பதிலாக அவர் எடுத்துக்கொண்டு போவது உங்கள் தேக்கு நிலையும் கல்லுக்காலும். விட்டுப்போவது சீட்டும் இடிபாடும். எதை யார் எடுப்பது, சீட்டை எப்படி இறக்குவது, லோடு எந்த இடத்தில் கொட்டப்போகிறது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். முன்பணம் கொடுக்கும் முன்பே வாங்கிவிடுங்கள். ஜேசிபி வந்து நின்ற பிறகு இதை யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள்.