அம்மா கட்டிக்கொடுத்த பலகாரம்... மகன் எடுத்துக்கொடுத்த படம்!

வீட்டை விட்டுக் கிளம்பும் மகன். கையில் சூட்கேஸ். வழியை மறித்துக்கொண்டு அழும் அம்மா. என்ன சொல்வதென்று தெரியாமல் ஓரமாக நிற்கும் அப்பா.

1976-ல் வெளிவந்த ‘நெக்ஸ்ட் ஸ்டாப், கிரீன்விச் வில்லேஜ்’ என்ற அமெரிக்கப் படம் இப்படித்தான் தொடங்குகிறது. மகன் போவது கடல் தாண்டி அல்ல. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் இருந்து அதே நகரத்தின் கிரீன்விச் வில்லேஜுக்கு! சப்வே ரயில் ஏறினால் போய்விடலாம். ஆனால், அந்த அம்மாவுக்கு அது வேறு உலகம்.

நடக்கும் காலம் 1953. பையனின் பெயர் லேரி லப்பின்ஸ்கி. வயது 22. நடிகனாக வேண்டும் என்பது ஒன்றுதான் கனவு. அன்றைய கிரீன்விச் வில்லேஜ் ஓவியர்கள், கவிஞர்கள், நாடகக்காரர்கள் குடியிருந்த பேட்டை. அங்கே ஒரு சின்ன அறையைப் பிடிக்கிறான். இயற்கை உணவுக் கடை ஒன்றில் வேலை பார்த்தபடி நடிப்புப் பயிற்சி வகுப்புக்குப் போகிறான்.

ஆளில்லாத பிளாட்ஃபாரத்தில் ஆஸ்கர்!

வாய்ப்பு இல்லாத நடிகனுக்கு எந்த இடமும் மேடைதான். நள்ளிரவில், ஆளில்லாத சப்வே பிளாட்ஃபாரத்தில், தனக்குத் தானே ஆஸ்கர் கொடுத்துக்கொண்டு நன்றியுரை ஆற்றுகிறான் லேரி. போலீஸ்காரர் ஒருவர் வந்து விசாரிக்கிறார். சிரிப்பு வருகிறது, கூடவே அந்தப் பையன் மேல் பாசமும் வந்துவிடுகிறது.

லேரியின் பலம் நகைச்சுவை. பலவீனமும் அதுதான். எதையும் ஜோக் அடித்துக் கடந்துவிடுவான். மனதைத் திறந்து காட்டாமல் ஜோக்குக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதை நடிப்பு ஆசிரியர் கண்டுபிடித்துவிடுகிறார். அதன் பிறகு வாழ்க்கை அவனைச் சிரிக்க முடியாத இடங்களுக்கு அழைத்துப்போகிறது.

காதலி சாரா கருவுறுகிறாள். கருக்கலைப்பு சட்டப்படி குற்றமாக இருந்த காலம் அது. இருவரும் பயந்து பயந்து அதைக் கடக்கிறார்கள். பிறகு, சாராவின் மனம் லேரியின் நண்பன் ராபர்ட் பக்கம் சாய்கிறது. எப்போதும் சோகத்திலேயே இருக்கும் தோழி அனிதாவை, ‘வழக்கமாக இப்படித்தான் பயமுறுத்துவாள்’ என்று நினைத்து நண்பர்கள் பார்க்கப் போகிறார்கள். ஒருநாள் அது நிஜமாகிவிடுகிறது. காபி கடையில் உட்கார்ந்து உலகத்தையே கிண்டலடித்த கூட்டம் வாயடைத்து நிற்கும் காட்சி, படம் முடிந்த பிறகும் நெஞ்சை விட்டுப் போகாது.

சொல்லாமல் வந்து நிற்கும் அம்மா

படத்தின் உயிர் அம்மா ஃபேதான். இரண்டு முறை ஆஸ்கர் வென்ற ஷெல்லி விண்டர்ஸ் இந்த வேடத்தில் வெளுத்து வாங்கியிருக்கிறார். அறை வாடகைக்குக் காசு சேர்க்க நண்பர்கள் பார்ட்டி வைத்தால், சொல்லாமல் கொள்ளாமல் அங்கேயும் வந்துவிடுகிறாள். லேரி கூனிக் குறுகுகிறான். அவளோ கொஞ்ச நேரத்தில் அவன் நண்பர்களோடு ஆடவே ஆரம்பித்துவிடுகிறாள்!

இன்னொரு பக்கமும் அவளுக்கு இருக்கிறது. ஓபரா இசைத்தட்டு கேட்டால் கண்ணீர் விட்டு அழுபவள் அவள். மகனிடம் இருக்கும் கலை எங்கிருந்து வந்தது என்பது நமக்கு அங்கே புரிகிறது. தனக்குக் கிடைக்காத மேடையைத் தேடித்தான் மகன் போகிறான் என்பது அவளுக்கும் உள்ளூரத் தெரிந்திருக்கலாம். அவள் போடும் கூச்சலை வெறும் தொல்லையாக நம்மால் நினைக்க முடிவதில்லை.

இது இயக்குநரின் கதை

படத்தை எழுதி இயக்கிய பால் மசர்ஸ்கி, 1930-ல் புரூக்ளினில் பிறந்தவர். நடிகராகத் தொடங்கியவர். ஸ்டான்லி குப்ரிக்கின் முதல் முழுநீளப் படமான ‘ஃபியர் அண்ட் டிசையர்’ல் (1953) நடித்தார். 1955-ல் வந்த ‘பிளாக்போர்டு ஜங்கிள்’ படத்தில் அடங்காத மாணவர்களில் ஒருவராக வந்தார். லேரிக்கும் கடைசியில் ரவுடிப் பையன் வேடத்துக்குத்தான் ஹாலிவுட்டில் இருந்து அழைப்பு வருகிறது.

லேரியாக நடித்த லென்னி பேக்கர், மறு ஆண்டே நாடக உலகின் உயரிய டோனி விருதை வென்றார். ஆனால், 1982-ல் 37 வயதிலேயே காலமானார். ராபர்ட்டாக வருபவர், பின்னாளில் ஆஸ்கர் வென்ற கிறிஸ்டோபர் வாக்கன். வாய்ப்புத் தேடி வந்து அலட்டிக்கொள்ளும் நடிகனாகச் சில நிமிடங்கள் தலைகாட்டுபவர், பிற்பாடு ‘ஜுராசிக் பார்க்’கில் கலக்கிய ஜெஃப் கோல்ட்ப்ளம்!

ஹாலிவுட் கிளம்பும் முன் லேரி புரூக்ளின் வீட்டுக்கு வருகிறான். இந்த முறை அம்மா வழியை மறிக்கவில்லை. ஆப்பிளை உள்ளே வைத்துச் சுருட்டிச் சுட்ட ‘ஸ்ட்ரூடல்’ பலகாரத்தைப் பொட்டலம் கட்டிக் கொடுக்கிறாள். போலந்தில் இருந்து ஒளிந்து தப்பி வந்த பாட்டியை நினைவுபடுத்தி, எங்கிருந்து வந்தோம் என்பதை மறந்துவிடாதே என்கிறாள்.

லேரி தெருவில் இறங்கி நடக்கிறான். மசர்ஸ்கி தன் அம்மாவின் பேச்சை மறக்கவில்லை என்பதற்குச் சாட்சி இந்தப் படம்தான்.

வீட்டில் வேலைக்கோ படிப்புக்கோ வெளியூர் கிளம்பும் பிள்ளை இருந்தால், அவர்களோடு உட்கார்ந்து பாருங்கள். சில காட்சிகள் பெரியவர்களுக்கானவை என்பதால், சின்னக் குழந்தைகள் தூங்கிய பிறகு பார்ப்பது நல்லது.