பொம்மை ரயில் எந்தத் தேதியில் ஓடுகிறது?

கொலுப்படிகளுக்குக் கீழே தரையில் 'பார்க்' கட்டுகிற பழக்கம் சில வீடுகளில் இருந்தது, இன்னும் இருக்கிறது. மண்ணைக் கொட்டி, கேழ்வரகோ கடுகோ தூவி, முளைத்ததைப் புல்வெளி என்று சொல்லி, கண்ணாடித் துண்டைக் குளமாக்கி, ஓரத்தில் சாவி கொடுத்தால் ஓடும் தகர ரயிலை விடுவார்கள். எல்லா வீட்டிலும் அல்ல, கொலு வைக்கிற வீடுகளில். அவை எந்த வீடுகள் என்று வாசகருக்குத் தெரியும். மற்ற பிள்ளைகள் தீப்பெட்டிகளை நூலில் கோர்த்து இழுத்தோம். அதுவும் ரயில்தான், தெருவில் ஓடிய ரயில்.

அமெரிக்காவில் இந்தப் பார்க் கட்டுகிற வேலையைப் பெரியவர்கள், பெரும்பாலும் நடுவயது தாண்டிய ஆண்கள், வீட்டின் நிலவறையில் உட்கார்ந்து வருஷக்கணக்கில் செய்கிறார்கள். 1935இல் மில்வாக்கியில் இவர்களுக்கென்று ஒரு தேசிய சங்கமே தொடங்கப்பட்டது. செய்கிற பொருளுக்கு 'லேஅவுட்' என்று பெயர். நம்மூரில் லேஅவுட் என்றால் கல் நட்டு மனை விற்பது. ஆகவே இங்கே மாதிரித்தளம் என்று சொல்லிக்கொள்கிறேன். இங்கிலாந்தில் இருந்துகொண்டு, பிறப்பதற்கு முந்தைய அமெரிக்க ரயில்பாதையைக் கட்டி ஊர் ஊராகக் காட்சிக்கு வைக்கிறவர்களும் உண்டு. போகாத ஊரை, வாழாத காலத்தை ஒருவர் எதற்காக இவ்வளவு நுணுக்கமாகச் செய்ய வேண்டும்? அது எப்படிச் செய்யப்படுகிறது என்பதைப் பார்த்துவிட்டு இந்தக் கேள்விக்கு வரலாம்.

முதலில் அளவு. அதிகம் புழங்குவது எச்-ஓ எனப்படும் அளவு, அதாவது நிஜத்தில் 87இல் ஒரு பங்கு. ஒன்றே முக்கால் மீட்டர் ஆள் இரண்டு சென்டிமீட்டர் ஆகிவிடுவார். நாற்பதடி சரக்குப்பெட்டி 14 சென்டிமீட்டர். இதுவரை சுகமான கணக்கு. ஆனால் நூறு பெட்டி கொண்ட அமெரிக்கச் சரக்கு ரயிலைச் செய்தால் 14 மீட்டர் நீளம் வரும். அரியலூரிலிருந்து திருச்சிக்கு ரயிலில் ஏறக்குறைய 70 கிலோமீட்டர். அதை 87ஆல் வகுத்தாலும் 800 மீட்டர். எந்த வீட்டில் இடமிருக்கிறது? ஆகவே எல்லாரும் வெட்டுகிறார்கள். நூறு பெட்டி பதினைந்தாகிறது, பத்து தெரு ஒரு தெருவாகிறது, இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில் இருந்த பொட்டல் காணாமல் போகிறது. இதற்கு 'தேர்ந்த சுருக்கம்' என்கிற பொருளில் ஒரு தொழில்பெயர் வைத்திருக்கிறார்கள். பெட்டியை 87 மடங்கு சிறிதாக்குவது வெறும் கணக்கு. எந்தத் தெருவை விடுவது என்பது கணக்கு இல்லை.

வேலை மரச்சட்டத்தில் தொடங்குகிறது. சட்டத்தின் மேல் பலகை, பலகையின் மேல் தண்டவாளம், தெர்மாகோல் போன்ற அட்டையைச் செதுக்கி மலை, அதன்மேல் பிளாஸ்டர் நனைத்த துணி, பொடிக்கல்லை ஒட்டி ஜல்லி. இதெல்லாம் பார்வையாளருக்குத் தெரியும் பகுதி. தெரியாத பகுதி ஒன்று உண்டு. பின்திரைக்கு அப்பாலோ மலைக்கு அடியிலோ நாலைந்து தண்டவாளங்களில் ரயில்கள் வரிசையாக மறைந்து நிற்கும். அங்கிருந்துதான் ஒவ்வொன்றாகக் 'காட்சிக்கு' வரும், திரும்ப அங்கேயே போகும். அந்த மறைவு யார்டுதான் சிகாகோ, அதுதான் கலிபோர்னியா, அதுதான் மீதி உலகம் முழுவதும். மேடை அனுபவம் உள்ள ஃபிராங்க் எலிசன் என்பவர் 1944இல் ஒரு தொடர்கட்டுரையில், தளம் மேடை, ரயில்கள் நடிகர்கள் என்று விளக்கினார். அன்றிலிருந்து இந்தத் துறை அந்த உவமையில்தான் வாழ்கிறது. கூத்தில் திரை பிடிக்கிறவர்கள் இரண்டு பேர் நம் கண்ணெதிரே நிற்பார்கள். இங்கே திரை பிடிப்பவர் யாரென்று தெரியாமலிருப்பதே அழகு.

ஜான் ஆலன் என்கிற புகைப்படக்காரர் கலிபோர்னியாவின் மாண்டெரேயில் கட்டிய தளம் இந்த உலகத்தின் பெருங்காவியம். தரையிலிருந்து கூரை வரை மலைகள். புதுப்பெட்டிகளுக்குத் துருவும் அழுக்கும் பூசி 'பழையதாக்கும்' கலையைப் பரப்பியவர்களில் அவர் முக்கியமானவர். ஒரு விளையாட்டும் செய்தார். யார்டில் பெட்டி தள்ளும் எஞ்சினுக்குப் பதில் ஒரு டைனோசரை நிறுத்தி அதற்கு எம்மா என்று பெயர் வைத்தார். (அரியலூர்க்காரனுக்கு இதில் பொறாமைப்பட ஒன்றுமில்லை. கல்லமேட்டில் கிடைத்த பிரம்மாண்ட எலும்புகளுக்கு 1980களின் கடைசியில் புருகத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல் கொடுக்கிற அதே வட்டாரம்.) ஆலன் 1973 ஜனவரியில் இறந்தார். சில நாட்களில் தளம் தீயில் எரிந்துபோனது. மிச்சம் பெரும்பாலும் அவர் எடுத்த புகைப்படங்கள்தான்.

அப்புறம், தேதி. தளம் கட்டுகிறவர் ஒரு காலத்தைத் தீர்மானித்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் எந்தக் காரை நிறுத்துவது, எந்த விளம்பரத்தை ஒட்டுவது என்று தெரியாது. அமெரிக்கர்களுக்கு ரொம்பவும் பிடித்தது 1940களின் பிற்பகுதியும் 1950களும். நீராவி எஞ்சின் இன்னும் இருக்கிறது, டீசல் வந்துவிட்டது, இரண்டையும் சேர்த்து ஓட்டலாம். இது சொல்லப்படுகிற காரணம். சொல்லப்படாத காரணம், ரயிலின் கையிலிருந்து ஊர் நழுவுவதற்குச் சற்று முன்பான நேரம் அது. கார்களும் நெடுஞ்சாலைகளும் ஸ்டேஷன்களைக் காலிசெய்வதற்கு முந்தைய மாலை. தளத்தில் அந்த மாலை விடிவதே இல்லை. மினியேச்சர் பற்றி 1984இல் ஒரு புத்தகம் எழுதிய சூசன் ஸ்டூவர்ட் ஏக்கம் என்கிற சொல்லையே அதன் தலைப்பில் வைத்தார்.

ரொலான் பார்த் 'மித்தாலஜீஸ்' (1957) தொகுப்பில் பிரெஞ்சுப் பொம்மைகள் பற்றி எழுதும்போது, அவை குழந்தையைப் படைப்பவனாக அல்ல, உடைமையாளனாகவும் உபயோகிப்பவனாகவும் தயார்செய்கின்றன என்கிற பொருளில் சொல்கிறார். மாதிரித்தளக்காரர் இதை மறுத்துவிடுவார் போலத்தான் தோன்றும். அவர் கையால் செய்கிறார், அறுக்கிறார், பற்றவைக்கிறார், படைப்பாளிதான். ஆனால் என்ன ஆகிறார் என்று பாருங்கள். ஒரு ரயில்வே கம்பெனிக்கு முதலாளி ஆகிறார். கம்பெனிக்குப் பெயர் வைக்கிறார், கால அட்டவணை போடுகிறார், சரக்குச்சீட்டு எழுதுகிறார். நண்பர்கள் வந்து டிரைவராகவும் டிஸ்பாட்சராகவும் மூன்று மணிநேரம் வேலை செய்துவிட்டுப் போகிறார்கள், சம்பளமில்லாமல், சந்தோஷமாக. எந்த முதலாளிக்கும் கிடைக்காத தொழிலாளர்கள்.

இப்போது அந்த இரண்டு சென்டிமீட்டர் மனிதர்களிடம் வருவோம். ப்ரைசர் போன்ற ஜெர்மன் கம்பெனிகள் இவர்களைப் பெட்டியில் போட்டு விற்கின்றன. நிற்பவர், உட்கார்ந்திருப்பவர், பெட்டி சுமப்பவர். மாசசூசெட்ஸில் ஜார்ஜ் செல்லியோஸ் கட்டிய புகழ்பெற்ற தளம் 1930களின் பெருமந்தக் காலத்து நகரத்தைக் காட்டுகிறது. உரிந்த சுவர்கள், ஒண்டிக்குடித்தனங்கள், நெரிசலான தெருக்கள். வேலை அசாத்தியமானது, புகைப்படத்தில் பார்த்தாலே மூச்சு முட்டும். ஆனால் வறுமை இங்கே ஒரு மேற்பரப்பு. எச்-ஓ அளவில் பசிக்கு அளவு கிடையாது.

சியரா மலைகளைக் குடைந்து சென்ட்ரல் பசிபிக் பாதையைப் போட்டவர்களில் பெரும்பான்மையினர் சீனக் கூலிகள், பத்தாயிரத்துக்கும் மேல். 1867 ஜூனில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கம்பெனி உணவு போவதை நிறுத்தி அவர்களைப் பணியவைத்தது. 1869 மே 10 அன்று பிரோமான்டரியில் இரண்டு பாதைகளும் சேர்ந்த நாளின் பிரபலமான புகைப்படத்தில் அவர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும். இன்னொன்று. 1896இல் 'தனித்தனி ஆனால் சமம்' என்று உச்சநீதிமன்றம் நிறவெறிக்குச் சட்ட அங்கீகாரம் கொடுத்த பிளெஸ்ஸி வழக்கு, ஒரு ரயில்பெட்டி பற்றிய வழக்கு. மாநிலம் விட்டு மாநிலம் போகும் ரயில்களில் இந்தப் பிரிவினையைத் தடைசெய்யும் உத்தரவு 1956 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆக, 1950இன் தென்மாநில ஸ்டேஷனை நாணயமாகச் செய்கிறவர் இரண்டு காத்திருப்பு அறைகள் செய்ய வேண்டும். இரண்டு கதவு வெட்டுவது சுலபம். மேலே மாட்டுகிற பலகையில் என்ன எழுதுவது என்று வரும்போதுதான் கை தயங்கும். போல்ட் தலையை எண்ணி வைக்கிற கை.

நாம் இதைப் பார்த்துச் சிரிக்கத் தேவையில்லை. தென்னிந்திய ரயில்வே சிற்றுண்டிச்சாலைகளில் 'பிராமணர்' என்றும் 'இதரர்' என்றும் தனித்தனி இடம் இருந்தது. பெரியாரும் சுயமரியாதை இயக்கமும் நடத்திய போராட்டத்தில் 1941இல்தான் அது போயிற்று. 1935இன் விழுப்புரம் ஜங்ஷனை 87இல் ஒரு பங்காகச் செய்தால் அந்தப் பலகையை எத்தனை மில்லிமீட்டரில் வெட்டுவது?

காட்சிக்கு வைப்பது வேறொரு தொழில். வீட்டுத்தளம் சொந்தக்காரரின் மனசுக்கானது, மெதுவாக ஓடலாம், நிற்கலாம். காட்சித்தளத்தில் ரயில் அரை நிமிஷம் நின்றால் கூட்டம் அடுத்த மேசைக்குப் போய்விடும். அதனால் வட்டப்பாதை, ஓடிக்கொண்டே இருக்கிற ரயில். நிலவறை இல்லாதவர்களுக்காக 1970களில் கலிபோர்னியாவில் என்-டிராக் என்று ஒரு முறை வந்தது. ஆளுக்கு இரண்டடிக்கு நாலடி பலகை, ஓரத்தில் மட்டும் மூன்று தண்டவாளங்கள் எல்லாருக்கும் ஒரே இடத்தில் வர வேண்டும், நடுவில் அவரவர் ஊர். எங்கேயாவது மண்டபத்தில் கூடிப் பலகைகளைக் கோர்த்தால் ஒரு ரயில்வே. எனக்கு இந்தத் துறையில் பிடித்த விஷயம் இதுதான். பாலைவனத்தையொட்டி மழைக்காடு வரும், யாரும் கவலைப்படுவதில்லை. தீப்பெட்டி ரயிலின் தர்க்கம்.

நம் நாட்டில் பெரிய அளவில் காட்சியானது பூனாவில். பி.எஸ். ஜோஷி உருவாக்கி 1998இல் திறக்கப்பட்ட சிற்றுரு ரயில் அருங்காட்சியகத்தில் ரயில்களோடு ஒரு நகரமே இருக்கிறது, சர்க்கஸ், கயிற்றுப்பாதை, சாலை விளக்குகள் எல்லாமாக. அது இந்தியாவின் எந்த ஊரும் இல்லை. குறை சொல்லவில்லை. கடையில் கிடைப்பதை வைத்துத்தானே செய்ய முடியும்? எச்-ஓ தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். அது அமெரிக்காவும் ஐரோப்பாவும் புழங்குகிற 1,435 மில்லிமீட்டர் பாதைக்கான கணக்கு. நம்முடைய 1,676 மில்லிமீட்டர் அகலப்பாதைக்கு 19க்கு மேல் வர வேண்டும். அரியலூர் வழியாகப் போன பழைய மீட்டர்கேஜுக்குப் பதினொன்றரை. அதற்குக் கிட்டத்தில் சந்தையில் கிடைப்பது சுவிட்சர்லாந்து மலைரயில்களுக்காக விற்கும் 12. கட்டத் தொடங்குமுன்பே நம் ரயில் இன்னொருவர் தண்டவாளத்தில் ஏறிவிடுகிறது.

ஒரு வேடிக்கை என்னவென்றால், அமெரிக்க ரயில் அரியலூருக்கு நிஜமாகவே வந்தது. நியூயார்க் மாநிலத்தின் ஸ்கெனக்டடியில் இருந்த ஆல்கோ கம்பெனியின் மீட்டர்கேஜ் டீசல் எஞ்சின், ஒய்டிஎம்-4 என்ற பெயரில் 1960களின் தொடக்கத்தில் இந்தியாவுக்கு வந்தது. பிறகு இங்கேயே செய்தார்கள். ஆல்கோ 1969இல் எஞ்சின் செய்வதை நிறுத்திய பிறகும் பொன்மலை ஷெட்டின் ஒய்டிஎம்-4கள் இந்தப் பக்கம் புகை கக்கிக்கொண்டு ஓடின, அகலப்பாதை வரும்வரை. அமெரிக்கப் பாணியில் தளம் கட்ட ஆசைப்படும் அரியலூர்ப் பையனிடம் கன்சாஸுக்குப் போகாதே, ரயில்வே கேட்டுக்குப் போ என்று சொல்லலாம்.

சரி, கட்டுவோம். விழுப்புரம்–திருச்சி கார்டு பாதை, அரியலூர் முதல் பொன்மலை வரை, தேர்ந்த சுருக்கத்தோடு. எதைத் தேர்வது? கல்லக்குடி வேண்டும். 1953 ஜூலை 15 அன்று டால்மியாபுரம் என்ற பெயரை எதிர்த்து மு. கருணாநிதியும் தோழர்களும் தண்டவாளத்தில் படுத்த இடம். துப்பாக்கிச்சூடும் நடந்தது. பொன்மலை வேண்டும். 1946 செப்டம்பர் 5 அன்று போலீஸ் சுட்டு ஐந்து ரயில்வே தொழிலாளர்கள் இறந்தார்கள். நடுவில் அரியலூருக்கும் கல்லகத்துக்கும் இடையே மருதையாறு. 1956 நவம்பர் 23 விடியற்காலை, மழை வெள்ளத்தில் பாலம் உடைந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸின் எஞ்சினும் முன்பெட்டிகளும் ஆற்றில் போயின. இறந்தவர்கள் சுமார் 150 பேர். ரயில்வே மந்திரி லால்பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அதற்குச் சில மாதம் முன்பு மெகபூப்நகர் விபத்தின்போதே அவர் கொடுத்த ராஜினாமாவை நேரு ஏற்கவில்லை, இந்த முறை ஏற்றார். துணை மந்திரி ஓ.வி. அழகேசன் பெயரை அரியலூரோடு எதுகையாய்ச் சேர்த்து தி.மு.க. முழக்கமாக்கியது.

இன்றும் அரியலூர் விபத்து என்றால் பத்திரிகையில் வருவது சாஸ்திரியின் ராஜினாமா, அரசியல் நேர்மைக்கு உதாரணமாக. மேடையில் ஒரு மந்திரி எழுந்து வெளியேறுகிறார், கைதட்டல். முன்பெட்டிகளில் யார் இருந்தார்கள், எந்த ஊருக்குப் போய்க்கொண்டிருந்தார்கள், மழைராத்திரி அந்தப் பாதையில் நடந்து காவல்பார்க்க வேண்டியவனுக்கு எத்தனை மைல், என்ன கூலி? இதெல்லாம் பின்திரைக்கு அப்பாலுள்ள யார்டில் நிற்கிறது. அமெரிக்கத் தளத்தில் சீனக் கூலி நிற்கிற அதே தண்டவாளத்தில். 1956 அவர்களுக்கும் பிடித்த ஆண்டுதான், தளங்களில் அது எப்போதும் வெயில்காலம்.

ஆற்றை எப்படிச் செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வருஷத்தில் பல மாதம் மருதையாறு மணல்தான். ஏதாவதொரு கோடை என்று வைத்துக்கொண்டால் சலித்த ஆற்றுமணலை ஒட்டிவிட்டுப் போகலாம், நாலு ஆடு நிறுத்தலாம். தண்ணீர் வேண்டுமானால் இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றும் எபாக்சி ரெசின். ஒரேயடியாக ஊற்றினால் சூடேறி வெடிப்பு விடும். சில மில்லிமீட்டர் ஊற்றி, ஒருநாள் காயவிட்டு, மறுபடி ஊற்ற வேண்டும். அது கண்ணாடி மாதிரி உறையும். வெள்ளம் கண்ணாடி மாதிரி இருக்காது, செம்மண் நிறம். அந்த நிறத்தை ஊற்றுவதற்கு முன்பே கலக்க வேண்டும், பிறகு மாற்ற முடியாது. பாலத்தின் தூண்களையும், ஆற்றுக்குள் எது கிடக்க வேண்டுமோ அதையும், முதல் ஊற்றுக்கு முன்னால் வைத்தாக வேண்டும்.