ஏழாம் நிமிடமும் பத்தொன்பதாம் நிமிடமும்

நுழையும்முன்

கால்பந்தில் கோல் அடித்தவரின் பெயர் ஊரெங்கும் பரவும். கோல் விழாமல் காத்தவரின் பெயரைச் சிலரே அறிவர். காக்கும் பணியில் வளர்ந்து, உலகக் கோப்பையை வென்று, பின்னர்ச் சென்னை அணிக்குப் பயிற்றுநராக வந்த ஒருவரின் வரலாற்றை இப்பாடம் கூறுகிறது. படிக்கும்போது அவர் செய்த பிழைகளையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பின்னால் நிற்பவர்

பருவமழை ஓய்ந்த மாலைகளில், சேறு காயாத முலுண்ட் மைதானங்களில் சிறுவர்கள் கால்பந்து ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். அணி பிரிக்கும்போது, "நான் முன்னால் ஆடுகிறேன்" என்று பலரும் முந்துவர். "நான் பின்னால் நிற்கிறேன்" என்று தாமாகச் சொல்பவர் அரியர். மறுத்துப் பேசத் தெரியாத ஒருவர் கடைசியில் பின்னால் நிறுத்தப்படுவார். அவரே தடுப்பாட்டக்காரர்.

ஓர் அணியில் 11 பேர் ஆடுவர். அவர்களுள் கோல் காவலருக்கு முன்னால், பெரும்பாலும் நால்வர், தடுப்பாட்டக்காரராக நிற்பர். முன்கள வீரர் ஐந்து வாய்ப்புகளைத் தவறவிட்டு ஆறாவதில் கோல் அடித்தால் அரங்கமே ஆர்ப்பரிக்கும். தடுப்பாட்டக்காரர் இருபது முறை பந்தைத் தடுத்து, ஒரு முறை தவறினால், அந்த ஒரு தவறு மட்டுமே பேசப்படும். ஆகவே, தவறியபின் கலங்காமல் அடுத்த நொடியே மீண்டும் தம் இடத்தில் நிற்கப் பழகுவது அவருடைய முதற்பயிற்சி ஆகும்.

பின்னால் நிற்பவருக்கு ஒரு நன்மையும் உண்டு. ஆடுகளம் முழுவதும் அவர் கண்முன் விரிந்திருக்கும். யார் எங்கே நிற்கிறார், எந்த இடம் காலியாக இருக்கிறது என்பதைக் கண்டு, முன்னால் ஆடுவோருக்குக் குரல் கொடுப்பவர் அவரே. தடுப்பாட்டக்காரர் பலர் பிற்காலத்தில் நல்ல பயிற்றுநர் ஆனதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். நெதர்லாந்தின் புகழ்பெற்ற தடுப்பாட்டக்காரர் ரொனால்டு கூமன் பின்னாளில் தம் நாட்டு அணிக்கே பயிற்றுநர் ஆனார். அந்நாட்டின் மற்றொரு தடுப்பாட்டக்காரரான விம் கோவர்மன்ஸ் 2012இல் இந்திய அணியின் பயிற்றுநராகப் பொறுப்பேற்றார். அதே ஆண்டு தில்லியில் நடைபெற்ற நேரு கோப்பை இறுதி ஆட்டத்தில் கேமரூனை வென்று இந்தியா கோப்பையைப் பெற்றது. அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 2014இல், இத்தாலியைச் சேர்ந்த ஒரு தடுப்பாட்டக்காரர் சென்னைக்கு வந்தார். அவர் பெயர் மார்கோ மாட்டராசி.

சிறிய ஊர்களிலிருந்து

மாட்டராசி 1973ஆம் ஆண்டு ஆகஸ்டு 19ஆம் நாள் இத்தாலியின் லெச்சே நகரில் பிறந்தார். அவருடைய தந்தை ஜுசெப்பே மாட்டராசியும் கால்பந்து வீரராகவும் பயிற்றுநராகவும் விளங்கியவர். ஆயினும், மகனுக்குப் பெரிய கழகங்களின் கதவு எளிதில் திறக்கவில்லை. மர்சாலா, த்ராபானி, கார்ப்பி முதலிய சிறிய ஊர்களின் அணிகளில் ஆடியே அவர் மேலே வந்தார். 1998இல் இங்கிலாந்தின் எவர்ட்டன் அணிக்குச் சென்றார். அங்கு முரட்டு ஆட்டத்தால் சிவப்பு அட்டைகள் பெற்று, ஒரே பருவத்துடன் இத்தாலி திரும்பினார்.

திரும்பியபின் பெருஜியா அணியில் அவர் திறன் வெளிப்பட்டது. 2000–01 பருவத்தில், இத்தாலியின் முதல்நிலைத் தொடரில் அவர் 12 கோல் அடித்தார். தடுப்பாட்டக்காரர் ஒருவர் அத்தொடரில் ஒரே பருவத்தில் அத்தனை கோல் அடித்தது அதற்கு முன் இல்லை. 2001இல் இண்டர் மிலான் கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டது. அடுத்த பத்தாண்டுகள் அதுவே அவருடைய கழகமாக இருந்தது.

பெர்லின், 2006 சூலை 9

2006 உலகக் கோப்பை ஜெர்மனியில் நடைபெற்றது. இத்தாலி அணியில் மாட்டராசி மாற்று வீரராகவே இருந்தார். செக் குடியரசுக்கு எதிரான ஆட்டத்தில் முதன்மைத் தடுப்பாட்டக்காரர் அலெசாந்த்ரோ நெஸ்தா காயமடைய, மாட்டராசி களமிறங்கினார். இறங்கிய சில நிமிடங்களிலேயே தலையால் முட்டிக் கோல் அடித்தார். அடுத்து ஆஸ்திரேலியாவுக்கு எதிரான ஆட்டத்தில் சிவப்பு அட்டை பெற்று வெளியேறினார். பத்துப் பேருடன் போராடிய இத்தாலி கடைசி நொடிகளில் வென்றது. ஒரே வாரத்தில் பாராட்டும் பழியும் அவரைச் சேர்ந்தன.

இறுதி ஆட்டம் பெர்லின் நகரில் பிரான்சுக்கு எதிராக நடைபெற்றது. 7ஆவது நிமிடத்தில், பிரான்சு வீரர் மலூதாவை மாட்டராசி தடுத்தது தவறு என நடுவர் தீர்ப்பளித்தார். பிரான்சுக்குப் பெனால்டி உதை கிடைத்தது. அணித்தலைவர் ஜினடின் ஜிடேன் அதைக் கோலாக்கினார். உலகமே பார்த்துக்கொண்டிருந்த ஆட்டத்தில், தொடக்கத்திலேயே தம் செயலால் அணி பின்தங்கியதை மாட்டராசி கண்டார்.

அதன்பின் அவர் என்ன செய்தார்? தம் இடத்திற்குத் திரும்பினார், ஆடினார். 19ஆவது நிமிடத்தில் ஆந்த்ரேயா பிர்லோ மூலையிலிருந்து உதைத்த பந்தை, உயர எழும்பித் தலையால் முட்டிக் கோலாக்கினார். ஆட்டம் 1–1 எனச் சமன் ஆனது. பிழைக்கும் திருத்தத்திற்கும் இடையே 12 நிமிடங்களே இருந்தன.

திருத்த முடியாதது

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால், கூடுதல் நேரத்தின் 110ஆவது நிமிடத்தில் ஜிடேன் தம் தலையால் மாட்டராசியின் மார்பில் மோதினார். சிவப்பு அட்டை பெற்று, தம் கடைசி ஆட்டத்திலிருந்து தலைகுனிந்து வெளியேறினார். உடலால் தாக்கியது ஜிடேனின் குற்றம், ஐயமில்லை. எனினும், அதற்கு முன் ஜிடேனின் சகோதரியை இழித்துப் பேசியதை மாட்டராசியே பின்னர் ஒப்புக்கொண்டார். உலகக் கால்பந்துக் கூட்டமைப்பு விசாரித்து, ஜிடேனுக்கு 3 ஆட்டங்கள், மாட்டராசிக்கு 2 ஆட்டங்கள் எனத் தடை விதித்தது.

அன்று பெனால்டி உதைகளில் இத்தாலி 5–3 என வென்றது. அவற்றுள் ஒன்றை உதைத்துக் கோலாக்கியவர் மாட்டராசி. கோப்பை அவர் கையில் இருந்தது. இருந்தும், இன்றுவரை அவர் பெயரைக் கேட்டதும் பலருக்கு நினைவுக்கு வருவது அவர் அடித்த கோல் அன்று. அவர் சொன்ன சொல்லும் அதனால் விளைந்த மோதலுமே. காலால் செய்த பிழையை 12 நிமிடத்தில் ஒரு கோல் ஈடுசெய்தது. நாவால் செய்த பிழைக்கு அவ்வாறு ஈடு கிடைக்கவில்லை. மைதானத்தில் எதிரணியினரை, அவர்தம் வீட்டாரை, சாதியை, ஊரை, மொழியைச் சொல்லி வம்புக்கிழுப்பது விளையாட்டின் பகுதிதான் என்று சிலர் கூறக்கூடும். அது அப்படியன்று என்பதற்கு இந்நிகழ்ச்சியே சான்று.

இருக்கையில் கற்ற கல்வி

ஆண்டுகள் செல்லச் செல்ல, இண்டர் மிலான் அணியில் மாட்டராசிக்குக் களத்தில் இடம் குறைந்தது. மாற்று வீரர் இருக்கையில் அமர்ந்திருக்கும் நேரம் மிகுந்தது. அப்போது அந்த அணிக்குப் பயிற்றுநராக இருந்தவர் போர்ச்சுகல் நாட்டின் ஜோசே மொரின்யோ. 2010இல் அந்த அணி இத்தாலித் தொடர், இத்தாலிக் கோப்பை, ஐரோப்பியச் சாம்பியன் கோப்பை ஆகிய மூன்றையும் ஒரே பருவத்தில் வென்றது. மத்ரித் நகரில் நடந்த ஐரோப்பிய இறுதி ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில்தான் மாட்டராசி களமிறக்கப்பட்டார். அன்றிரவு, கழகத்தை விட்டுச் செல்லவிருந்த மொரின்யோ, தம் மகிழுந்தை நிறுத்தி இறங்கி வந்து மாட்டராசியைத் தழுவிக்கொண்டார். இருவரும் கண்ணீர் விட்டனர். குறைந்த நேரமே ஆடவைத்த பயிற்றுநரிடம் ஒரு வீரர் அத்தனை அன்பு கொண்டிருந்தார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. களத்தில் இடம் தர இயலாதவருக்கும் மதிப்புத் தர இயலும். நல்ல பயிற்றுநர் அதை அறிவார்.

சென்னையில்

2014இல் இந்தியன் சூப்பர் லீக் தொடர் தொடங்கியது. 'சென்னையின் எப்.சி.' என்னும் புதிய அணியின் உரிமையாளர்களுள் மும்பை நடிகர் அபிஷேக் பச்சனும் கிரிக்கெட் வீரர் மகேந்திர சிங் தோனியும் இருந்தனர். அவ்வணிக்கு மாட்டராசி பயிற்றுநரானார். அப்போது அவருக்கு வயது 41. ஓய்வு பெற்று மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தும், அவ்வாண்டு தாமும் களமிறங்கி ஆடினார். முதல் சுற்றில் சென்னை அணி பட்டியலின் முதலிடத்தைப் பிடித்தது. ஆனால், அரையிறுதியில் கேரளா பிளாஸ்டர்ஸ் அணியிடம், இரண்டு ஆட்டங்களின் கூட்டுக் கணக்கில், ஒரே ஒரு கோல் வேறுபாட்டில் தோற்றது.

2015இல் நிலைமை மோசமானது. முதல் 10 ஆட்டங்களில் மூன்றில் மட்டுமே வெற்றி, ஆறில் தோல்வி. அணி பட்டியலின் அடியில் கிடந்தது. எஞ்சியவை 4 ஆட்டங்கள். அந்நான்கிலும் வென்று சென்னை அணி அரையிறுதிக்குள் நுழைந்தது. ஏழாம் நிமிடத்தில் பின்தங்கியவர் பத்தொன்பதாம் நிமிடத்தில் எழுந்ததுபோல, இப்போது அவருடைய அணி எழுந்தது.

வீடில்லாத வீட்டாட்டம்

அந்நேரத்தில் சென்னையை வெள்ளம் சூழ்ந்தது. 2015 டிசம்பர் முதல் நாளில் கொட்டிய பெருமழையில் அடையாறு கரைபுரண்டது. வீடுகள் மூழ்கின, விமான நிலையம் மூடப்பட்டது. மும்பையில் வாழும் நமக்கு இத்துயரம் புதிதன்று. 2005 சூலை 26ஆம் நாள் சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்ததை நம் பெற்றோர் மறந்திருக்கமாட்டார்கள்.

அரையிறுதியின் முதல் ஆட்டம் சென்னை நேரு விளையாட்டரங்கில் நடைபெற்றிருக்க வேண்டும். வெள்ளத்தால் அது நம் மாநிலத்தின் புனே நகருக்கு மாற்றப்பட்டது. டிசம்பர் 12ஆம் நாள், புனே பாலேவாடி விளையாட்டரங்கில், சொந்த ஊரை விட்டு ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், சென்னை அணி தன் 'வீட்டாட்டத்தை' ஆடியது. எதிரணி நடப்புச் சாம்பியனான அத்லெடிகோ டி கொல்கத்தா. பிரேசிலின் புரூனோ பெலிசாரி, மிசோரமின் ஜெஜே லால்பெக்லுவா, கொலம்பியாவின் ஸ்டிவன் மெண்டோசா ஆகியோர் ஆளுக்கொரு கோல் அடிக்க, சென்னை 3–0 என வென்றது. கோல் அடித்த மூவரும் தமிழ்நாட்டில் பிறந்தவர் அல்லர். ஆட்டம் நடந்ததும் தமிழ்நாட்டில் அன்று. ஆயினும், அவர்கள் அணிந்திருந்த நீலச் சட்டையில் இருந்தது வெள்ளத்தில் தத்தளித்த ஒரு நகரத்தின் பெயர். கொல்கத்தாவில் நடந்த அடுத்த ஆட்டத்தில் 1–2 எனத் தோற்றபோதும், கூட்டுக் கணக்கில் 4–2 என முன்னிலை பெற்று, அணி இறுதி ஆட்டத்தை எட்டியது.

கடைசி மூன்று நிமிடங்கள்

டிசம்பர் 20. இடம் கோவாவின் ஃபதோர்டா அரங்கம். எதிரணி, அவ்வரங்கிற்கே உரிய எப்.சி. கோவா. 54ஆவது நிமிடத்தில் பெலிசாரி சென்னைக்கு முதல் கோல் அடித்தார். 58ஆவது நிமிடத்தில் கோவா சமன் செய்தது. 87ஆவது நிமிடத்தில் கோவாவின் ஜோஃப்ரே மற்றொரு கோல் அடிக்க, 2–1 என உள்ளூர் அணி முந்தியது. அரங்கில் கொண்டாட்டம் தொடங்கிவிட்டது.

90ஆவது நிமிடத்தில் கோவாவின் கோல் காவலர் கையில் பட்ட பந்து அவர் பக்க வலைக்குள்ளேயே விழுந்தது. ஆட்டம் 2–2. இரண்டு நிமிடங்கள் கழித்து மெண்டோசா வெற்றிக் கோலை அடித்தார். 3–2 என்னும் கணக்கில் சென்னை முதன்முறையாகக் கோப்பையை வென்றது.

அடுத்த ஆண்டு எட்டு அணிகளுள் ஏழாம் இடமே சென்னைக்குக் கிடைத்தது. 2017 மார்ச்சில் மாட்டராசி அணியிலிருந்து விலகினார். வெற்றி நிலைத்து நிற்பதில்லை என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை.

நிறைவாக

நாளை உங்கள் வகுப்பு அணி ஆடும்போது, பின்னால் நிற்கும் ஒருவர் தவறக்கூடும். அவர் முகத்தைப் பார்க்காமல் மற்றவர்கள் திரும்பிக்கொள்வர், சிலர் ஏசுவர். அப்போது அவரிடம் சென்று, "ஆட்டம் இன்னும் முடியவில்லை" என்று சொல்லுங்கள். தவறியவர் நீங்களே ஆயின், அதை உங்களுக்கே சொல்லிக்கொண்டு உங்கள் இடத்திற்குத் திரும்புங்கள். ஏழாம் நிமிடத்திற்குப் பின்னும் 83 நிமிடங்கள் இருக்கின்றன.

அருஞ்சொற்பொருள்

ஆர்ப்பரித்தல் – பேரொலி எழுப்பி மகிழ்தல்
இழித்துப் பேசுதல் – மதிப்பைக் குறைத்துப் பேசுதல்
ஈடுசெய்தல் – இழந்ததற்குச் சமமானதைத் தருதல்
பருவம் – போட்டிகள் நடைபெறும் ஆண்டுப்பகுதி
வீட்டாட்டம் – ஓர் அணி தன் சொந்த ஊர் அரங்கில் ஆடும் ஆட்டம்

பயிற்சி

1. தடுப்பாட்டக்காரரின் தவறு மட்டும் பெரிதாகப் பேசப்படுவது ஏன்?
2. 2006 இறுதி ஆட்டத்தில் மாட்டராசி செய்த இரு பிழைகள் யாவை? அவற்றுள் எதை அவரால் ஈடுசெய்ய முடிந்தது?
3. சென்னை அணியின் அரையிறுதி ஆட்டம் புனேயில் நடைபெற்றதன் காரணம் யாது?
4. பிரித்து எழுதுக: தடுப்பாட்டம், விளையாட்டரங்கம், வீட்டாட்டம்.
5. எதிர்ச்சொல் தருக: முன்னிலை, பாராட்டு, எளிது.
6. 2005 மும்பை வெள்ளத்தன்று தங்களுக்கு உதவியவர் யார் என்று உங்கள் அம்மா, அப்பா அல்லது பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் தமிழில் கேட்டறிந்து பத்து வரிகளில் எழுதுக.