பரணில் கிடக்கும் பழைய துப்பாக்கி: பொக்கிஷமா? ஜெயிலா?

பொங்கலுக்கு வெள்ளை அடிக்கப் பரணை ஒழிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பித்தளை அண்டாவுக்குப் பின்னால் கோணியில் சுற்றிய நீளமான சாமான் ஒன்று. பிரித்துப் பார்த்தால், துப்பாக்கி!

துரு ஏறிய குழல். பூச்சி அரித்த கட்டை.

"தாத்தா பட்டாளத்திலே இருந்தாரே, அவர் கொண்டாந்ததா இருக்கும்" என்கிறார் வீட்டுக்காரம்மா. "இதுக்கெல்லாம் வெளிநாட்டிலே லட்சக்கணக்கிலே குடுக்கிறாங்களாம்" என்று கண் மின்னச் சொல்கிறான் காலேஜ் படிக்கும் பையன். பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் குரலைத் தாழ்த்துகிறார்: "போலீசுக்குத் தெரிஞ்சா?"

மூன்று பேர் பேச்சிலும் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த மூன்றாவது ஆசாமி பேச்சைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

எம்டன் குண்டு

யுத்தகாலத்துச் சாமான்களைச் சேர்த்து வைக்கும் பித்து சென்னைக்குப் புதிது அல்ல. 1914-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி ராத்திரியே அது தொடங்கிவிட்டது.

அன்று இரவு ஒன்பதரை மணி சுமாருக்கு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன், இருட்டில் சென்னைத் துறைமுகத்துக்கு முன்னால் வந்து நின்றது. விளக்கைப் போட்டு வெளிச்சம் பாய்ச்சியது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் குறி பார்த்துச் சுடத் தொடங்கியது. அரை மணி நேரத்துக்குள் சுமார் 130 குண்டுகள். தொட்டிகள் தீப்பிடித்து எரிந்தன. கரையில் இருந்த பீரங்கிகள் பதிலுக்குச் சுட்டும் பலன் இல்லை, கப்பல் கம்பி நீட்டிவிட்டது.

மறுநாள் முதல் ஊரே காலி. ரெயிலில் இடம் இல்லை. மூட்டை முடிச்சுடன் ஆயிரக்கணக்கானவர்கள் கிராமங்களுக்கு ஓடினார்கள். அதே சமயத்தில் இன்னொரு கூட்டம், குண்டு விழுந்த இடங்களில் இரும்புத் துண்டு பொறுக்கிக்கொண்டிருந்தது! ஊர் பயந்து ஓடினாலும், "இது எம்டன் குண்டு" என்று காட்டுவதற்கு ஒரு துண்டு வேண்டும் என்ற ஆசை சிலரை விடவில்லை. கையகல இரும்புத் துண்டு கண்ணாடிப் பெட்டிக்குள் போய், அடுத்த தலைமுறைக்குச் சொத்தாகிவிட்டது.

எழும்பூர் மியூசியத்தில் எம்டன் குண்டின் மிச்சம் பாதுகாக்கப்படுகிறது. ஐகோர்ட்டின் கிழக்குப் பக்கத்து மதிலில், குண்டு விழுந்த இடத்தைக் காட்டும் கல்வெட்டு இருக்கிறது. பாரிமுனைக்குத் தினம் பஸ்சில் போய் வருகிறவர்களில் எத்தனை பேர் அதைப் பார்த்திருப்பார்கள்?

ஆனால் "அவன் பெரிய எம்டன்டா" என்று சொல்லாதவர்கள் கிடையாது. மூன்று புகைபோக்கி உள்ள கப்பல் அது. நாலாவதாக ஒரு பொய்ப் புகைபோக்கியை மாட்டிக்கொண்டு, இங்கிலீஷ்காரன் கப்பல் மாதிரி வேஷம் போட்டுத் திரிந்தது. அந்தச் சாமர்த்தியத்துக்குத்தான் தமிழில் இந்தப் பெயர் நிலைத்துவிட்டது. 2006-ம் ஆண்டில் "எம்டன் மகன்" என்று பெயர் வைத்த படம், தமிழ்ப் பெயருக்கு வரிவிலக்கு என்று அரசு சொன்னதும் "எம் மகன்" ஆனது வேறு கதை.

கப்பலில் இருந்த வெள்ளி

சென்னையைச் சுட்ட எம்டன் ரொம்ப நாள் தப்பவில்லை. 1914 நவம்பர் 9-ந் தேதி, இந்துமகா சமுத்திரத்தில் கோகோஸ் தீவுக்குப் பக்கத்தில் ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி அதை அடித்து நொறுக்கியது.

உடைந்து கிடந்த கப்பலில் இருந்து 6 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மெக்சிகோ வெள்ளி டாலர்கள் கிடைத்தன. அவற்றில் ஆயிரம் நாணயங்களை எடுத்து, மேலே கிரீடம் வைத்து, கப்பல்களின் பெயரும் தேதியும் பொறித்துப் பதக்கமாக்கினார்கள். சிட்னி கப்பல் ஆட்களுக்கும் மியூசியங்களுக்கும் கொடுத்தது போக, மிச்சத்தைப் பொதுமக்களுக்கு விற்றார்கள். இன்று உலகம் பூராவும் பதக்கம் சேர்ப்பவர்கள் அந்த எம்டன் டாலர் என்றால் பறக்கிறார்கள்.

எம்டனின் பீரங்கி ஒன்று சிட்னி நகரத்து ஹைட் பார்க்கில் நிற்கிறது. கப்பலின் மணி ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இருக்கிறது. அந்த மணி 1930-களில் நினைவகத்தில் இருந்தே திருடு போய், பிறகு மீட்கப்பட்டது! பழைய சாமான் ஆசை மனுஷனை எதுவரை இழுக்கும் பாருங்கள்.

அரண்மனையில் துப்பாக்கி மலை

எம்டன் துண்டு சின்ன விஷயம். பக்கத்து நாடான நேபாளத்தில் ஒரு மலையே கிடைத்தது.

காத்மாண்டுவில் பழைய அரண்மனை ஒன்றில் நேபாள ராணுவம் பழைய ஆயுதங்களைக் குவித்து வைத்திருந்தது. 2003-ம் ஆண்டில் அமெரிக்க வியாபாரிகள் அதை மொத்தமாக விலைக்கு வாங்கினார்கள். 50 ஆயிரத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகள்! கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துச் சிக்கிமுக்கிக் கல் துப்பாக்கிகள், விக்டோரியா ராணி காலத்து மார்டினி ஹென்றி ரைபிள்கள் என்று டன் கணக்கில் கப்பல் ஏறின. தூசியைத் துடைத்து, எண்ணெய் போட்டு, ஒவ்வொன்றாக விற்றார்கள்.

அமெரிக்காவில் 1898-ம் ஆண்டு வரை செய்யப்பட்ட துப்பாக்கியை, மத்திய அரசு சட்டம் பழம்பொருள் என்றுதான் பார்க்கிறது. அங்கே தபாலில் வரவழைத்துச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம். நம்ம பையன் சொல்லும் "லட்சக்கணக்கு" கதை எல்லாம் அங்கேயிருந்து வருவதுதான். அங்கே உள்ள சட்டம் இங்கே செல்லாது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

நிஜமா, டூப்பா?

விஷயம் தெரிந்தவர்கள் முதலில் பார்ப்பது முத்திரையை. கம்பெனி காலத்துத் துப்பாக்கி என்றால், விசைக்குப் பக்கத்து இரும்புத் தகட்டில் நெஞ்சு வடிவத்தில் கம்பெனி அடையாளம் இருக்கும். 1808 வாக்கில் இருந்து அதற்குப் பதில் சிங்கம் வந்தது. நெஞ்சா, சிங்கமா என்பதை வைத்தே காலத்தைச் சொல்லிவிடுவார்கள்.

டூப்பும் உண்டு. கைபர் கணவாய்ப் பக்கத்து மலைக் கிராமங்களில், இங்கிலீஷ் ரைபிளை அச்சு அசலாகக் கையாலேயே செய்யும் கில்லாடிகள் நூறு வருஷத்துக்கு மேலாக இருக்கிறார்கள். கிரீடம், ராணி பெயர், வருஷம் எல்லாம் வெட்டுவார்கள். இங்கிலீஷ் எழுத்து தெரியாமல் வெட்டுவதால் எழுத்து திரும்பி நிற்கும்! ஆப்கானிஸ்தானுக்குப் போன அமெரிக்க, பிரிட்டிஷ் சிப்பாய்களில் பலர் அதை அசல் என்று நம்பிக் காசு கொடுத்து வாங்கி ஊருக்கு எடுத்துப் போனார்கள்.

உருகிப்போன பதக்கம்

துப்பாக்கியைவிடப் பரிதாபம் பதக்கத்தின் கதை. முதல் உலக யுத்தத்தில் நம் நாட்டில் இருந்து 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கடல் தாண்டிப் போனார்கள். திரும்பி வந்த சிப்பாய்க்கு வெள்ளிப் பதக்கம். மூட்டை தூக்கியவர்களுக்கும் சமையல் ஆட்களுக்கும் அதே பதக்கம் வெண்கலத்தில்! சாவு எல்லோருக்கும் ஒன்றாகத்தான் வந்தது, வெள்ளி மட்டும் ஆள் பார்த்து வந்திருக்கிறது.

அந்தப் பதக்கத்தின் விளிம்பில் சிப்பாயின் நம்பர், பெயர், படைப்பிரிவு எல்லாம் பொறித்திருக்கும். சேகரிப்பவர்களுக்கு அந்த விளிம்புதான் உயிர். பெயர் இருந்தால் ஆளைத் தேடலாம், எங்கே சண்டை போட்டார் என்று கண்டுபிடிக்கலாம். 1980-ம் ஆண்டை ஒட்டி வெள்ளி விலை கிடுகிடு என்று ஏறியபோது, பதக்கங்களை எடைக்குப் போட்டு உருக்கிவிட்டார்கள். இங்கேயும் அடகுக் கடைக்கும் பட்டறைக்கும் போனது போக மிச்சம் இருப்பதுதான் இன்று வீடுகளில் இருக்கிறது. தாத்தா பதக்கம் உங்கள் வீட்டில் இருந்தால், கொலுசு ஆவதற்குள் விளிம்பைப் படித்துப் பாருங்கள். பதக்கம் வைத்திருக்க லைசென்சு வேண்டாம்.

சென்னையில் இந்த மாதிரிச் சாமான் தேடுகிறவர்களுக்கு ஒரு காலத்தில் மூர் மார்க்கெட்தான் கோவில். 1985 மே 30-ந் தேதி தீ அதை விழுங்கியது. அதோடு எத்தனை பெல்ட்டு, பொத்தான், தோல் உறை, பழைய போட்டோ சாம்பலானதோ!

சட்டம் என்ன சொல்கிறது?

இப்போது பக்கத்து வீட்டுக்காரர் கேள்விக்கு வருவோம்.

1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்சு இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். "பழசு சார், சும்மா அலங்காரத்துக்கு" என்ற பதில் மட்டும் போதாது. அந்தச் சட்டத்தின் 45-வது பிரிவில் ஒரு விலக்கு உண்டு. வழக்கொழிந்தது, பழம்பொருள் மதிப்பு உள்ளது அல்லது பழுதானது என்றால் விட்டுவிடலாம். ஆனால் ஒரு நிபந்தனை: ரிப்பேர் செய்தால்கூட அது சுடக் கூடாது!

இங்கேதான் பலர் மாட்டுவது. கருமருந்தை வாய் வழியாக இடித்துச் சுடும் துப்பாக்கியில் கெட்டுப்போக அதிகம் எதுவும் கிடையாது. குழலைச் சுத்தம் பண்ணி, விசையைச் சரி பார்த்தால் நூறு வருஷத்துச் சாமானும் டுமீல் என்று வெடிக்கும். சுடுமா, சுடாதா என்று சொல்ல வேண்டியது தடய அறிவியல் நிபுணர். வீட்டுக்காரர் அல்ல.

2020 பிப்ரவரியில் மத்திய அரசு விதியைக் கொஞ்சம் தளர்த்தியது. அரும்பொருள் ரகத்தைச் சேர்ந்த பழைய சிறு ஆயுதங்களை இந்தியக் குடிமக்கள் வாங்கவோ வைத்திருக்கவோ லைசென்சு தேவை இல்லை. ஆனால் அதைச் சுடுவதற்கும், வெளியே எடுத்துப் போவதற்கும் லைசென்சு கட்டாயம். அதாவது சுவரில் தொங்கலாம், ஸ்கூட்டரில் ஏறக் கூடாது.

அந்த ரகத்தில் சேராத துப்பாக்கி என்றால் கதை வேறு. 2019-ம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, லைசென்சு இல்லாமல் வைத்திருந்தால் 2 ஆண்டு முதல் 5 ஆண்டு வரை ஜெயில். தடை செய்யப்பட்ட ரகம் என்றால் 7 ஆண்டு முதல் 14 ஆண்டு வரை. போலீசார் தோளில் நாம் பார்த்துப் பழகிய த்ரீ நாட் த்ரீ, பட்டாளத்துத் தோட்டா போடுகிற துப்பாக்கி. அதைத் தடை செய்யப்பட்ட ரகத்தில்தான் சேர்த்திருக்கிறார்கள்.

பையன் கனவு காணும் விற்பனை இருக்கிறதே, அது இன்னும் மோசம். லைசென்சு இல்லாமல் துப்பாக்கி விற்றால் குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் தண்டனை! வைத்திருந்ததைவிட விற்றதற்குத்தான் அடி பெரிது. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பழம்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது. 1972-ம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் குறுக்கே நிற்கிறது.

எல்லோருக்கும் இதே கெடுபிடி என்று நினைக்காதீர்கள். பக்கத்தில் குடகு நாட்டில் கொடவர்களுக்குத் துப்பாக்கி குலதனம். வெள்ளைக்காரன் காலத்தில் இருந்தே லைசென்சு விலக்கு. அதை 2029 வரை நீட்டித்திருக்கிறது மத்திய அரசு. அங்கே ஆயுதத்துக்குப் பூஜையே நடக்கிறது.

தாத்தா லைசென்சு பேரனுக்கு ஆகாது

லைசென்சோடு துப்பாக்கி வைத்திருந்தவர் காலமாகிவிட்டால், துப்பாக்கி தானாக வாரிசுக்கு வந்துவிடாது. பக்கத்துப் போலீஸ் நிலையத்திலோ, லைசென்சு பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்துவிட்டு, வாரிசு தன் பெயரில் மனு கொடுக்க வேண்டும். சென்னையில் போலீஸ் கமிஷனர் ஆபீஸ், வெளியூரில் கலெக்டர் ஆபீஸ். பெரியவர் உயிரோடு இருக்கும்போதே மாற்றவும் வழி உண்டு. அவருக்கு 70 வயது ஆகியிருக்க வேண்டும், அல்லது 25 வருஷம் அந்தத் துப்பாக்கியை வைத்திருக்க வேண்டும். ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிக்கு மேல் கிடையாது.

பரணில் திடீரென்று கிடைத்தது என்றால், ஒரு வக்கீலைக் கலந்து, எழுத்து மூலமாகப் போலீசுக்குத் தகவல் கொடுத்துவிடுவது நல்லது. தெரியாமல் வீட்டில் இருந்தது குற்றமாகாது, தெரிந்தே வைத்திருந்ததுதான் குற்றம் என்று சுப்ரீம் கோர்ட்டு பல ஆண்டுகளுக்கு முன்பே சொல்லியிருக்கிறது. ஆனால் கோணியை அவிழ்த்துப் பார்த்த நிமிஷத்தில் இருந்து "தெரியாது" என்ற பேச்சு எடுபடாது.

தட்டாதே!

துப்பாக்கியாவது கோர்ட்டோடு போகும். குண்டு அப்படி அல்ல. பிரான்சிலும் பெல்ஜியத்திலும் முதல் யுத்தத்துக் குண்டுகள் இன்னும் ஏர் முனையில் மாட்டுகின்றன. உழவன் அதை வரப்பில் வைத்துவிட்டு ஆள் அனுப்புகிறான். கை வைப்பது இல்லை.

நம் நாட்டிலேயே 2004 செப்டம்பர் கடைசியில், காசியாபாத் அருகே ஓர் இரும்பாலையில் வெளிநாட்டில் இருந்து வந்த பழைய இரும்பைக் கொட்டினார்கள். அதில் வெடிக்காத பீரங்கிக் குண்டுகள் இருந்தன. வெடித்ததில் 10 தொழிலாளர்கள் செத்தார்கள். அவர்கள் யாரும் சேகரிப்பாளர்கள் அல்ல. கூலிக்கு வந்தவர்கள்.

காயலான் கடைக்காரர் கவனிக்க வேண்டியது இதுதான். ஒரு பக்கம் கூராகவும், இடுப்பில் செம்பு வளையத்தோடும், அளவுக்கு மீறி கனமாகவும் ஒரு சாமான் எடைக்கு வந்தால் சுத்தியலைக் கீழே வையுங்கள். செம்புக்கு ஆசைப்பட்டு வளையத்தைக் கழற்றப் போக வேண்டாம். ஆட்களை வெளியேற்றிவிட்டு 100-க்குப் போன் செய்யுங்கள். வெடிகுண்டு நிபுணர்கள் வந்து பார்த்து, வெறும் கூடு என்று சொன்னால் அப்புறம் எடை போட்டுக்கொள்ளலாம்.