புதிய மாடலில் வந்தது என்ன, போனது என்ன?

பழைய லேப்டாப் வாங்க வருபவர்களில், லெனோவோவின் திங்க்பேட் டி480 தான் வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்பவர்கள் இன்றும் உண்டு. அது 2018-இல் வந்த மாடல். அதற்குப் பின் எத்தனையோ மாடல்கள் வந்துவிட்டன. பிறகு ஏன் இந்த மவுசு? அதற்கு முன்னும் பின்னும் வந்தவற்றோடு ஒப்பிட்டால் விடை கிடைக்கும்.

முந்தைய டி470-க்கும் டி480-க்கும் வெளித்தோற்றத்தில் பெரிய வேறுபாடு இல்லை. மாற்றம் உள்ளே நடந்தது. டி470-இன் இன்டெல் 7-ஆம் தலைமுறை யு வரிசை பிராசஸர்களில் இரண்டே கோர்கள். டி480-இல் வந்த 8-ஆம் தலைமுறை ஐ5, ஐ7 பிராசஸர்களில் நான்கு. இன்னொன்றும் உண்டு: விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் வைத்த தகுதிக்கோடு, இன்டெல்லைப் பொறுத்தவரை பெரும்பாலும் 8-ஆம் தலைமுறையில்தான் தொடங்குகிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்ததால், இந்த ஒரு தலைமுறை இடைவெளியின் மதிப்பு கூடிவிட்டது.

2019-இல் வந்த டி490 கதையே வேறு. தடிமன் சுமார் 20 மில்லிமீட்டரிலிருந்து 18-ஆகக் குறைந்தது, எடையும் குறைந்தது. அதற்குக் கொடுத்த விலை இரண்டு. டி480-இல் உள்ளே ஒரு பேட்டரி, பின்புறம் கழற்றி மாட்டும் பேட்டரி ஒன்று. லேப்டாப்பை அணைக்காமலே பின்பேட்டரியை மாற்றலாம். டி490-இல் உள்பேட்டரி மட்டுமே. டி480-இல் ரேமுக்கு இரண்டு ஸ்லாட்டுகள். டி490-இல் ஒன்றுதான், மீதி ரேம் மதர்போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டது. அது பழுதானால் பெரும்பாலும் மதர்போர்டையே மாற்ற வேண்டும்.

ஆனால் போனது போனதாகவே இருந்துவிடவில்லை. 2024-இல் பழுதுநீக்க வழிகாட்டி நிறுவனமான ஐஃபிக்ஸிட்டுடன் சேர்ந்து லெனோவோ உருவாக்கிய, அதே வரிசையைச் சேர்ந்த டி14 மாடலின் ஐந்தாம் தலைமுறையில் இரண்டு ரேம் ஸ்லாட்டுகளும் திரும்பின. பழுதுபார்க்கும் எளிமைக்கு ஐஃபிக்ஸிட் அதற்கு 10-க்கு 9 மதிப்பெண் கொடுத்தது. உயரம் கூடிய 16:10 திரை, டிடிஆர்5 ரேம் என்று பழைய மாடலுக்கு எட்டாத வசதிகளும் அதில் உண்டு. பயனரே பேட்டரியை மாற்றும்படி சாதனங்கள் இருக்க வேண்டும் என்ற ஐரோப்பிய ஒன்றிய விதி 2027 பிப்ரவரியில் நடைமுறைக்கு வருவதும் தயாரிப்பாளர்களை இதே திசையில் தள்ளுகிறது.

ஆகவே, எந்த நிறுவனத்தின் லேப்டாப்பாக இருந்தாலும் மாடல் எண்ணைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். பிராசஸர் எந்தத் தலைமுறை, ரேமைக் கூட்ட முடியுமா, பேட்டரியை எளிதில் மாற்றலாமா என்ற மூன்றையும் கேளுங்கள். டி480 வாங்குபவர்கள் திரையையும் பார்க்க வேண்டும். 1366×768 திரையோடும் அது விற்கப்பட்டது. ரேம் முழுவதும் சால்டர் செய்யப்பட்ட லேப்டாப் என்றால், நாளைக்குத் தேவைப்படும் அளவையும் இன்றே வாங்கிவிடுங்கள். பிறகு கூட்ட வழியில்லை.