ராஜா மாறினார், கோப்பை டிசைன் மாறவில்லை! யார் இந்த எரிக் ரவிலியஸ்?

கிரிக்கெட்டின் 'பைபிள்' என்று சொல்லப்படும் விஸ்டன் ஆண்டுப் புத்தகத்தின் மஞ்சள் அட்டையைப் பார்த்திருக்கிறீர்களா? அதில் உயரமான தொப்பி போட்டுக்கொண்டு பழங்காலத்து கிரிக்கெட் ஆடும் ஆட்களின் படம் ஒன்று இருக்கும். 1938-ல் முதல்முறை அச்சான அந்தப் படம்தான் இன்றைக்கும் விஸ்டனின் அடையாளம்.

அதைச் செதுக்கியவர் இங்கிலாந்தின் எரிக் ரவிலியஸ். டீ கோப்பை, கிண்ணம், புத்தக அட்டை என வீட்டில் புழங்கும் பொருட்களுக்கு டிசைன் போட்டே பெயர் வாங்கியவர். 39 வயதில் விமானத்தோடு காணாமல் போனவர்.

யார் இவர்?

1903-ல் லண்டனில் பிறந்தார். வளர்ந்தது ஈஸ்ட்போர்ன் என்ற கடற்கரை ஊர். அப்பா பழம்பொருள் கடை வைத்திருந்தார். ஸ்காலர்ஷிப்பில் உள்ளூர் கலைப் பள்ளியில் படித்த ரவிலியஸ், 1922-ல் லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டில் டிசைன் பிரிவில் சேர்ந்தார்.

அவருக்குக் கைவந்த வித்தை மரச்செதுக்கு. கெட்டியான மரத்துண்டை வழவழப்பாக்கி, சின்ன உளியால் கீறுவார்கள். கீறிய இடம் வெள்ளையாகவும், கீறாத இடம் கறுப்பாகவும் அச்சாகும். பென்சில் கோடு மாதிரி இதை ரப்பர் வைத்து அழிக்க முடியாது. கை தவறினால் தவறியதுதான்.

படம் கோப்பைக்கு எப்படிப் போகிறது?

1936 முதல் புகழ்பெற்ற வெட்ஜ்வுட் பீங்கான் நிறுவனத்துக்கு டிசைன் செய்யத் தொடங்கினார். அவர் வரைந்து கொடுத்த படத்தை, நிறுவனத்தின் கைவினைஞர்கள் செப்புத் தகட்டில் செதுக்குவார்கள். தகட்டில் மை தடவி, மெல்லிய காகிதத்தில் அச்சு எடுப்பார்கள். அந்தக் காகிதத்தைக் கோப்பை மேல் ஒட்டி நன்றாகத் தேய்த்து, பிறகு கழுவினால் காகிதம் போய்விடும், படம் மட்டும் நிற்கும். அதைச் சூளையில் சுட வேண்டும். வண்ணம் பூசுவது கையால்தான்.

அதாவது, பீங்கானில் நாம் பார்க்கும் படம் காகிதத்தில் ஏறி வந்த படம். காகிதத்துக்கென்றே வேலை பழகிய ரவிலியஸுக்கு இது சரியாகப் பொருந்தியது. குழந்தைகளுக்காக அவர் செய்த எழுத்துக் கோப்பை 1937-ல் வந்தது. ஒவ்வொரு ஆங்கில எழுத்துக்கும் ஒரு குட்டிப் படம்!

முடிசூட்டு விழா கோப்பைக்கு என்ன ஆச்சு?

எட்டாம் எட்வர்ட் மன்னரின் முடிசூட்டு விழாவுக்கு 1937 மே 12 என நாள் குறித்திருந்தார்கள். அதற்காக வாணவேடிக்கை வெடிப்பது போன்ற ஒரு கோப்பையை ரவிலியஸ் வடிவமைத்தார். கோப்பை விற்பனைக்கும் வந்துவிட்டது. ஆனால், 1936 டிசம்பரில் மன்னர் பதவியையே துறந்துவிட்டார்!

கோப்பையைத் திரும்பப் பெற வேண்டியதாகிவிட்டது. உழைப்பு வீணா? அதுதான் இல்லை. மன்னரின் பெயரெழுத்தை மாற்றி, குறித்த அதே நாளில் முடிசூடிய ஆறாம் ஜார்ஜுக்கு அதே டிசைனைப் பயன்படுத்தினார்கள்.

மனைவியும் கலைஞர்தான்

1930-ல் ரவிலியஸ் திருமணம் செய்துகொண்ட டிர்ஸா கார்வுட், அவரிடமே மரச்செதுக்கு படித்தவர். கெட்டிக்காரர் என்று பெயர் எடுத்தவர். ஆனால் குடும்பம் என்றான பிறகு மரச்செதுக்கு நின்றுபோனது. அதன்பின் தண்ணீரில் சாயத்தை மிதக்கவிட்டு, அதன் மேல் தாளை வைத்து எடுக்கும் 'மார்பிள்' காகிதங்களைச் செய்து விற்றார். கணவர் பெயர் கோப்பைகளிலும் புத்தகங்களிலும் பரவியது. இவர் பெயர் பல ஆண்டுகள் வெளியே தெரியவில்லை. 2024-ல் லண்டன் டல்விச் கேலரியில் நடந்த கண்காட்சிதான் இவரைப் பலருக்கும் அறிமுகப்படுத்தியது.

கடைசிப் பயணம்

இரண்டாம் உலகப் போரில் ரவிலியஸ் அரசின் போர்க்கால ஓவியராகப் போனார். 1942-ல் டிர்ஸாவுக்கு மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சை நடந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 2-ம் தேதி, ஐஸ்லாந்தில் காணாமல் போன ஒரு விமானத்தைத் தேடிப் புறப்பட்ட விமானத்தில் ரவிலியஸும் ஏறினார். அந்த விமானமும் திரும்பவில்லை. கடைசிக் குழந்தைக்கு அப்போது இரண்டு வயதுகூட ஆகவில்லை. டிர்ஸா 1951-ல், 42 வயதில் இறந்தார்.

போர்க் காலத்தில் பிரிட்டன் மக்களுக்குப் படம் போட்ட பீங்கான் விற்கவே தடை வந்தது. வெறும் கோப்பைதான் கிடைத்தது. போர் முடிந்த பிறகு, ரவிலியஸின் பழைய டிசைன்களை வெட்ஜ்வுட் மறுபடி கையில் எடுத்தது.

1953-ல் இரண்டாம் எலிசபெத் முடிசூடியபோது வந்த வெட்ஜ்வுட் கோப்பையிலும் அதே வாணவேடிக்கைதான். பெயரெழுத்தும் ஆண்டும் மாறியிருந்தன. அதை வரைந்தவர் போய் 11 வருஷம் ஆகியிருந்தது.